வண்டிக்கு டபுள் சைலன்சர் போடலாமா? உங்கள் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் இரண்டு மாதம் என்ன செய்வார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சீட்டுக்கட்டு கேம், சினிமாப் பாட்டு, போட்டோ பார்ப்பது. பிறகு ஒரு நாள், "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதனால் வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாக இந்தக் கட்டுரையை வைத்துக்கொள்ளுங்கள். எக்செல் போன்ற ஒரு கணக்குத் தாளையும், ஒலியைப் பதிவு செய்யும் ஓர் இலவச சாப்ட்வேரையும் வைத்துக்கொண்டு, வண்டிக்கு இரட்டை சைலன்சர் தேவையா இல்லையா என்று நாமே முடிவு செய்யப் போகிறோம்.

கேள்வி என்னுடையது அல்ல. ராமேஸ்வரத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டது. அவனிடம் 350 சிசி பைக் ஒன்று இருக்கிறது. ஒரே சிலிண்டர், வலது பக்கம் ஒரு சைலன்சர். "அண்ணே, ரெண்டு பக்கமும் சைலன்சர் போட்டா பிக்கப் கூடும்னு பட்டறையில சொல்றாங்க. அரிச்சல்முனை ரோட்டுல போனா சத்தமும் கெத்தா இருக்கும். போடலாமா?" என்றான். இதற்கு ஆமாம், இல்லை என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டான். அதனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன்.

சைலன்சருக்குள் என்ன இருக்கிறது?

இன்ஜினில் பெட்ரோல் வெடித்து முடிந்ததும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறது. உள்ளே இருந்த சூடான புகை அழுத்தத்தோடு பெண்ட் பைப்புக்குள் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஓர் அறை விட்டது போன்ற அழுத்த அலை. அதை அப்படியே வெளியே விட்டால் காது கிழியும். சைலன்சர் அந்த அலையை இரண்டு வழிகளில் அடக்குகிறது.

முதல் வழி, அறைகள். குறுகிய குழாயில் வந்த அலை திடீரென்று அகலமான அறைக்குள் நுழையும்போது அதில் ஒரு பகுதி திரும்பிப் போய், பின்னால் வரும் அலையோடு மோதி அடங்குகிறது. கம்பெனி சைலன்சர்களில் இதுபோல இரண்டு மூன்று அறைகள், ஓட்டை போட்ட குழாய்கள், தடுப்புத் தகடுகள் இருக்கும். இரண்டாவது வழி, கிளாஸ் வூல் என்னும் கண்ணாடிப் பஞ்சு. ஓட்டைக் குழாயைச் சுற்றி இதை அடைத்திருப்பார்கள். கீச்சென்ற மேல் ஸ்தாயி சத்தத்தை இது நன்றாக விழுங்கும். அடித்தொண்டைச் சத்தத்தை அவ்வளவாக விழுங்காது. வெளியில் தனியாக விற்கும் "ஸ்போர்ட்ஸ்" சைலன்சர்களில் பல இந்த ரகம்தான். பஞ்சு வருடக்கணக்கில் எரிந்து தூளாகி வெளியே போய்விடும். அதனால்தான் புதிதில் சுமாராக இருந்த சத்தம் நாளாக ஆகக் கூடிக்கொண்டே போகிறது.

இரண்டு சைலன்சர் எந்த வண்டிக்கு இயல்பு?

கம்பெனியே இரண்டு வைத்த வண்டிகளைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். 2018ல் வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650ல் இரண்டு சிலிண்டர்கள், 648 சிசி. இரண்டு சிலிண்டருக்கும் இரண்டு பைப், இரண்டு சைலன்சர். இதில் வம்பே இல்லை. 1980களில் ஓடிய ராஜ்தூத் 350யும் இரட்டை சிலிண்டர்தான். ஆனால் அது டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்கில் குழாயின் வயிறு போன்ற வடிவமே இன்ஜினின் ஓர் உறுப்பு மாதிரி வேலை செய்யும். அதனால் சிலிண்டருக்கு ஒன்று வேண்டும்.

இதில் வேடிக்கை பழைய ஜாவா, யெஸ்டிதான். மைசூர் தொழிற்சாலையில் 1996 வரை தயாரான இந்த 250 சிசி வண்டிகளில் ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு சைலன்சர். "அப்போ ஒரு சிலிண்டருக்கு ரெண்டு போடலாம்தானே?" என்று தம்பி உடனே பிடித்துக்கொண்டான். போடலாம், ஆனால் அங்கே சிலிண்டரிலேயே புகை வெளியேற இரண்டு வாசல்கள் வைத்து வார்த்திருந்தார்கள். உங்கள் வண்டியில் வாசல் ஒன்று. பட்டறையில் செய்வது, ஒரு பைப்பைப் பாதியில் அறுத்து ஒய் வடிவில் இரண்டாகப் பிரிப்பது. வாசல் அதேதான், வால்வு அதேதான். ஒரு கதவு உள்ள வீட்டுக்கு வெளியே இரண்டு நடைபாதை போட்டால் உள்ளே இருப்பவர்கள் வேகமாக வெளியே வந்துவிட மாட்டார்கள்.

கார்களிலும் இதே கதைதான். வி6, வி8 என்று சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக உள்ள பெரிய இன்ஜின்களில் வரிசைக்கு ஒரு பைப் என்று இரட்டை அமைப்பு பொருத்தமானது. நம்மூரில் ஓடும் பெரும்பாலான கார்கள் மூன்று அல்லது நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் உள்ளவை. எல்லாப் புகையும் ஒரே பைப்பில் சேர்ந்துவிடும். பின்னால் இரண்டு பளபளப்பான வாய் தெரிந்தால் அது பெரும்பாலும் அலங்காரம்.

கணக்குத் தாளைத் திறங்கள்

எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பை இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம். அதில் கால்க் என்ற புரோகிராம் எக்செல் போலவே இயங்கும். புதிய தாளைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலே உள்ள எழுத்தையும் இடது பக்கம் உள்ள எண்ணையும் சேர்த்தால் அந்த செல்லின் முகவரி.

ஏ1 செல்லில் "ஆர்பிஎம்" என்று தலைப்பு கொடுங்கள். ஏ2 முதல் ஏ6 வரை 1000, 2000, 3000, 4000, 5000 என்று டைப் செய்யுங்கள். இப்போது பி2 செல்லில் கிளிக் செய்து, முதலில் சமக்குறி, பிறகு ஏ2 என்ற முகவரி, பிறகு சாய்கோடு, பிறகு 120 என்று இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். சாய்கோடு என்பது வகுத்தல் குறி. 8.33 என்று விடை வரும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரப் புள்ளி தெரியும். மவுஸால் அதைப் பிடித்து பி6 வரை இழுத்துவிடுங்கள். மற்ற நான்கு விடைகளும் தாமாகவே வந்து நிற்கும். முதல் தடவை இதைப் பார்க்கும்போது யாருக்கும் ஒரு சந்தோஷம் வரும்.

இந்த எண்கள் என்ன? ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்தை நொடியாக்க 60, இரண்டு சுற்றுக்கு 2, ஆக 120. அதாவது 1000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 8.33 வெடிப்பு, 4000ல் 33.33. மனிதக் காதுக்கு நொடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே போனால் அது ஸ்வரமாகக் கேட்காது, தனித்தனி அடியாகத்தான் கேட்கும். பெரிய ஒற்றை சிலிண்டர் பைக் நின்ற இடத்தில் "டுப் டுப்" என்று அடிப்பதன் ரகசியம் இந்த 8.33தான். சிலிண்டர் எத்தனையோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர் கார் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100. டூ ஸ்ட்ரோக் என்றால் 120க்குப் பதில் 60ஆல் வகுக்க வேண்டும்.

அடுத்தது குழாயின் அளவு. சி2 செல்லில் குழாயின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் கொடுங்கள், உதாரணமாக 38. டி2 செல்லில் சமக்குறி, சி2, நட்சத்திரக் குறி, சி2, நட்சத்திரக் குறி, 0.7854. நட்சத்திரக் குறிதான் பெருக்கல். 1134 சதுர மில்லிமீட்டர் என்று வரும். இதுதான் புகை போகும் வாயின் பரப்பு. இப்போது சி2ஐ 27 என்று மாற்றுங்கள். விடை ஏறக்குறைய 573. இரண்டால் பெருக்கினால் 1145. அதாவது 27 மில்லிமீட்டர் குழாய் இரண்டும், 38 மில்லிமீட்டர் குழாய் ஒன்றும் சமம்!

பட்டறையில் யாரும் 27க்கு இறங்க மாட்டார்கள். இருக்கும் 38ஐயே இரண்டு பக்கமும் போடுவார்கள். பரப்பு ஒரேயடியாக இரண்டு மடங்கு. அது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதே அளவு புகை இரண்டு மடங்கு அகலமான வழியில் போனால் வேகம் பாதியாகிவிடும். வேகமாகப் பாயும் புகை தனக்குப் பின்னால் ஓர் இழுவையை உண்டாக்கி, சிலிண்டரில் மிச்சமுள்ள புகையையும் வாரிக்கொண்டு போகும். வேகம் குறைந்தால் அந்த உதவி குறையும். அது முதலில் தெரிவது குறைந்த ஆர்பிஎம்மில், அதாவது சிக்னலில் கிளம்பும்போதும் மணலில் ஏறும்போதும். பிக்கப் கூடும் என்று போடப் போய், பிக்கப் தேவைப்படும் இடத்தில் அதை இழக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, உருளையின் பருமன். அறை ரக சைலன்சரில் குழாய்க்கும் அறைக்கும் உள்ள பரப்பு விகிதம்தான் சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 38 மில்லிமீட்டர் குழாய்க்கு 114 மில்லிமீட்டர் பருமனுள்ள அறை என்றால் விகிதம் 9. பாடப்புத்தகக் கணக்குப்படி ஓர் அறை அதிகபட்சம் சுமார் 13 டெசிபல் குறைக்கும். அறையின் பருமன் 76 என்றால் விகிதம் 4. குறைப்பு சுமார் 6.5 டெசிபல் மட்டுமே. ஜோடியாக விற்கும் ஒல்லியான சைலன்சர்கள் ஏன் அலறுகின்றன என்று இப்போது தெரிகிறதல்லவா? ஜோடி என்பதற்காக அல்ல, ஒல்லி என்பதற்காக.

அந்த அதிகபட்சம்கூட எல்லா ஸ்தாயிக்கும் கிடைக்காது. 300 டிகிரி சூட்டில் புகைக்குள் ஒலி நொடிக்கு சுமார் 480 மீட்டர் போகும். அறையின் நீளம் 40 சென்டிமீட்டர் என்றால், 480ஐ நான்கு மடங்கு நீளமாகிய 1.6ஆல் வகுத்தால் 300. அந்த 300 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் அறை நன்றாக வேலை செய்யும். 33 ஹெர்ட்ஸ் "டுப் டுப்" பெரிதாகக் குறையாமல் வெளியே வந்துவிடும். ஆகவே கம்பெனி சைலன்சரிலேயே நீங்கள் விரும்பும் அந்த அடி ஓசை இருக்கிறது. வெளிச் சைலன்சர் கூடுதலாகத் தருவது பெரும்பாலும் அதற்கு மேலே உள்ள எரிச்சலூட்டும் இரைச்சல்தான்.

சத்தத்தைப் படமாகப் பார்ப்போம்

இதைத் தம்பி நம்பவில்லை. கண்ணால் காட்டினால் நம்புவான் அல்லவா? ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் இயங்கும். அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். வேறு டவுன்லோடு தளங்களில் கூடவே நான்கு வேண்டாத புரோகிராம்கள் ஒட்டிக்கொண்டு வரும்.

வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். ஷெட்டுக்குள், கார் நிறுத்தும் அறைக்குள் இன்ஜினை ஓட விட்டு இந்தச் சோதனை செய்யவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது. குழாய் வாயிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, நேர் பின்னால் இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில், போனையோ மைக்கையோ ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். தூரத்தை சாக்பீஸால் குறித்துவிடுங்கள். அடுத்த முறையும் அதே இடம், அதே போன், அதே செட்டிங். தூரம் இரண்டு மடங்கானால் திறந்தவெளியில் சத்தம் 6 டெசிபல் குறையும். இடம் மாறினால் ஒப்பீடே பாழ். எங்கள் ஊரில் கடற்காற்று மைக்கில் அடித்து "புர்" என்று இன்ஜினை விடப் பெரிதாகப் பதிவாகும். காற்று ஓய்ந்த விடியற்காலையே நல்லது, அக்கம்பக்கத்தார் மன்னித்தால்!

20 நொடி பதிவு செய்து கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். முடிந்தால் வேவ் ஃபைலாகவே சேமியுங்கள். சில போன் ஃபார்மட்டுகளை ஆடாசிட்டி நேரடியாகத் திறக்காது. திறந்ததும் நீல நிறத்தில் அலை தெரியும். அலையின் உச்சிகள் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால், சத்தம் மைக்கின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி எடுங்கள். நன்றாக இருந்தால் முழுவதையும் தேர்வு செய்து, மேலே அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வரும் கட்டத்தில் சைஸ் என்ற இடத்தில் 16384ஐத் தேர்ந்தெடுங்கள். மலைத்தொடர் போல ஒரு படம் கிடைக்கும். இடது பக்கம் அடி ஓசை, வலது பக்கம் கீச்சு.

உங்கள் கணக்குத் தாளில் வந்த எண்ணுக்கு நேராக இதில் ஒரு சிகரம் இருக்கிறதா பாருங்கள். அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் சிகரங்கள் இருக்கும். மிகவும் கீழ் ஸ்தாயியைப் போன் மைக் சரியாகப் பிடிக்காது, அதனால் முதல் சிகரம் குள்ளமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். எங்கள் தெருவிலேயே இன்னொருவர் வண்டியில் ஒல்லி ஜோடி இருந்தது. அதையும் அதே இடத்தில் நிறுத்திப் பதிவு செய்தோம். அடி ஓசையில் இரண்டு மலைகளும் கிட்டத்தட்ட ஒரே உயரம். 300க்கு மேல்தான் ஜோடியின் மலை எழும்பி நின்றது. தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஓர் எச்சரிக்கை. ஆடாசிட்டி காட்டும் டெசிபல் மைனஸ் எண்ணாக இருக்கும். அது உங்கள் மைக்கின் உச்ச அளவில் இருந்து எவ்வளவு கீழே என்று சொல்வது. சட்டம் சொல்லும் டெசிபல் வேறு. இதை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள், போலீஸ்காரரிடம் காட்ட அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிய வண்டி ஓடும்போது எழுப்பும் சத்தத்துக்கு வரையறை உண்டு: 80 முதல் 175 சிசி வரை உள்ள இருசக்கர வண்டிக்கு 77 டெசிபல், 175 சிசிக்கு மேல் 80. இது கம்பெனி சோதனைத் திடலில் 7.5 மீட்டர் தூரத்தில் அளப்பது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, ஒலி மற்றும் புகை விதியை மீறி ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, அல்லது இரண்டுமோ உண்டு. கூடவே மூன்று மாதத்துக்கு ஓட்டும் தகுதியும் போகும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்குத் தனியாக, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் என்று இன்னொரு பிரிவும் இருக்கிறது. "ரெண்டு பக்கம் போட்டா ரெண்டு மாற்றமா அண்ணே?" என்றான் தம்பி. நல்ல கேள்வி. ராமநாதபுரம் ஆர்டிஓ ஆபீசில்தான் கேட்க வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான பிஎஸ் 6 வண்டிகளில் இன்னொரு சிக்கல். பெண்ட் பைப்பில் ஆக்சிஜன் சென்சர் இருக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பைப்பிலோ சைலன்சருக்குள்ளேயோ இருக்கும். ஒய் வடிவில் அறுத்து ஒட்டும்போது இவை பாதிக்கப்பட்டால் மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பிக்கும். வாரண்டியும் கேள்விக்குறியாகும்.

தனுஷ்கோடி ரோட்டில் ஒரு தனிச் சங்கதி உண்டு. 2025 ஜூனில் தமிழக அரசு அங்கே 524.7 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. ஆழமில்லாத நீரில் கூட்டமாக நிற்கும் பறவைகள் அவை. கெத்து காட்ட ஆக்சிலேட்டர் முறுக்க இது இடம் இல்லை.

உப்புக்கு எத்தனை சைலன்சர் இருந்தாலும் ஒன்றுதான்

இந்தக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு எத்தனை பைப் என்பது கடைசிக் கேள்வி. என்ன உலோகம் என்பதே முதல் கேள்வி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின், அங்கே போக வேண்டுமென்றால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேன்களிலும் ஜீப்புகளிலும் மணலையும் கடல் நீரையும் கடந்துதான் போக வேண்டும் என்ற நிலை பல வருடம் இருந்தது. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்த பிறகுதான் சாதாரணக் காரும் பைக்கும் நேராகப் போகின்றன. தண்ணீரில் இறங்கும் தொல்லை போய்விட்டது, உப்பு போகவில்லை. ஒரு பக்கம் ஆண் கடல், ஒரு பக்கம் பெண் கடல், நடுவில் ரோடு. ஆண் கடல் அலை அடிக்கும் நாளில் கண்ணுக்குத் தெரியாத உப்புச் சாரல் வண்டி முழுக்கப் படியும்.

இங்கே உப்பு என்ன செய்யும் என்பதற்கு பாம்பன் ரயில் பாலமே சாட்சி. 1914ல் திறந்த பழைய பாலத்தில் அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6ல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலாக்சேன் என்ற தனிவகைப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில்வேயே உலோகத்தையும் பூச்சையும் யோசித்துத் தேர்ந்தெடுக்கும் ஊரில், நாம் பளபளப்பைப் பார்த்து வாங்கலாமா?

சைலன்சர் இரண்டு பக்கமிருந்தும் துருப்பிடிக்கும். வெளியிலிருந்து உப்பு. சூடான சைலன்சர் மேல் பட்ட சாரல் உடனே காய்ந்து உப்பு மட்டும் ஒட்டிக்கொள்ளும். இரவில் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து உலோகத்தைத் தின்னத் தொடங்கும். எங்கள் ஊரில் 75ஐத் தாண்டாத இரவு அபூர்வம்.

உள்ளிருந்து தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. வண்டி நன்றாகச் சூடானால் அது அப்படியே வெளியே போய்விடும். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து கோயில் என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் ஆவி உள்ளேயே குளிர்ந்து அடியில் தேங்கும். இரட்டை சைலன்சரில் ஒவ்வொன்றுக்கும் பாதி சூடுதான் போய்ச் சேரும். ஆகவே இரண்டிலும் தண்ணீர் அதிகம் தங்கும். ஊருக்குள் ஓட்டுபவரின் சைலன்சர் உள்ளிருந்தும், அரிச்சல்முனை போய் வருபவரின் சைலன்சர் வெளியிலிருந்தும் போவதை இங்கே பார்க்கலாம்.

கடையில் "எஸ்எஸ் சார்" என்று சொல்லித் தருவது எல்லாம் ஒன்றல்ல. கம்பெனிகள் அதிகம் பயன்படுத்தும் 409 என்ற ரகத்தில் குரோமியம் சுமார் 11 சதவீதம். மேலே பழுப்பாகத் துரு படரும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது. 304ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 316ல் மாலிப்டினமும் சேர்வதால் கடல் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் ஏறும். சாதாரண இரும்புக்கு மேல் குரோம் முலாம் பூசியதுதான் மோசம். முலாமில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், அடியில் இரும்பு கரைந்துகொண்டே போகும், மேலே பளபளப்பு அப்படியே இருக்கும்.

ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கள். பழுதான கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குள் நல்ல காந்தம் இருக்கும். இதற்கென்றே ஒன்றை நான் கழற்றி வைத்திருக்கிறேன். 304, 316ல் அது ஒட்டாது, வளைத்த இடத்தில் மட்டும் லேசாக இழுக்கலாம். பச்சக்கென்று ஒட்டினால் 409 அல்லது முலாம் பூசிய இரும்பு. வெல்டிங் ஓரங்களையும் பாருங்கள். துரு முதலில் அங்கேதான் தொடங்கும். அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறிய துளை இருக்க வேண்டும். ஓட்டை என்று நினைத்து அதை எம்சீலால் அடைத்துக் கொடுத்த பட்டறையும் உண்டு.

வேன் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் தள்ளிப் போட வேண்டாம்

யாத்ரீகர்களை ஏற்றிப் போகும் வேன்களில் சைலன்சர் ஓட்டையை வெறும் சத்தப் பிரச்னையாகப் பார்க்கிறார்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. குழாயின் வாய் வண்டிக்குப் பின்னால் இருப்பதே இதை வெளியே தள்ளத்தான். நடுவில் துரு தின்று ஓட்டை விழுந்தால் அது தரைத் தகட்டுக்கு அடியிலேயே கசியும். தரைத் தகட்டிலும் துருவினால் ஓட்டை இருந்தால், இந்த ஊரில் இருக்கும், புகை நேராக உள்ளே வரும். பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடினாலும் வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏசி போட்டு, குழந்தைகள் பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வரும்போது தலைவலி, வாந்தி என்று யாராவது சொன்னால் கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஜன்னலைத் திறந்து, வண்டியை நிறுத்தி, எல்லாரையும் இறக்குங்கள். இப்படிப்பட்ட வண்டிக்கு இரண்டு சைலன்சர் என்றால் துருப்பிடிக்க இரண்டு மடங்கு இணைப்புகள் என்று பொருள்.

கடைசித் தாள்: வருடத்துக்கு எவ்வளவு?

கால்க் தாளின் அடியில் உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்தால் இரண்டாவது தாள் கிடைக்கும். ஏ பத்தியில் சைலன்சர் ரகம், பி பத்தியில் விலை, சி பத்தியில் கூலி, டி பத்தியில் எத்தனை வருடம் தாங்கும் என்று வையுங்கள். தாங்கும் காலத்தைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். உங்கள் தெருவில் அதே ரகம் போட்டிருப்பவரைக் கேளுங்கள். இ2 செல்லில் சமக்குறி, அடைப்புக்குறி திறந்து பி2 கூட்டல் சி2, அடைப்புக்குறி மூடி, சாய்கோடு, டி2. உதாரணத்துக்கு ஜோடி 6,000, கூலி 1,000, இரண்டு வருடம் தாங்கும் என்று போட்டால் வருடத்துக்கு 3,500. ஒற்றை நல்ல சைலன்சர் 9,000, கூலி 500, ஐந்து வருடம் என்றால் 1,900. இவை நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள். உங்கள் எண்களைப் போட்டதும் விடை தானாக மாறும். அபராதத்துக்கும் ஒரு பத்தி வைத்துக்கொண்டால் படம் இன்னும் தெளிவாகும். தம்பி தன் எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, கம்பெனி சைலன்சரையே மாட்டிக்கொண்டு, ஜோடிக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கினான்.

ஃபைலை சேவ் செய்யும்போது வண்டி நம்பரையே பெயராகக் கொடுங்கள். அதே தாளில் ஒரு பத்தியில் அரிச்சல்முனை போய் வந்த தேதிகளைக் குறித்து வாருங்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து, சைலன்சர் கைவைக்கும் அளவு ஆறிய பிறகு, நல்ல தண்ணீர் ஒரு வாளி அடித்துக் கழுவுங்கள். சூட்டோடு ஊற்ற வேண்டாம். குழாய் வாய்க்குள் தண்ணீர் போகாமல் ஒரு துணியை அடைத்துக்கொள்ளுங்கள். கழுவி முடித்ததும் அந்தத் துணியை எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.